எடை குறைந்தபின் தொங்கும் வயிற்றுத் தோல்: அடியை மட்டும் வெட்டுவதா, பிரித்துத் தைப்பதா?

பாவாடை நாடாவை எந்த இடத்தில் கட்டுவது என்பது ஒரு கவலையாகும் என்று 121 கிலோவில் இருந்தபோது நினைத்ததே இல்லை. அப்போது வயிறு கெட்டியாக நின்றது. நாடா எங்கே கட்டினாலும் நின்றது. 72 கிலோவுக்கு வந்த பிறகுதான் தொல்லை. மடிப்புக்கு மேலே கட்டினால், கீழே தோல் பிதுங்கிச் சேலைக் கொசுவத்தைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மடிப்பைத் தூக்கி அடியில் கட்டினால், காலை பத்து மணிக்குள் நாடா நனைந்து உள்ளே அறுக்க ஆரம்பிக்கும். பாளையங்கோட்டையின் மே மாதம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

நான் தையல்காரி. நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருப்பவள். உட்கார்ந்தால் அந்த மடிப்பு இரண்டு தொடையிலும் ஈரத் துணி போலக் கிடக்கும். ஊரார் ஜாக்கெட்டில் அரை இஞ்ச் தொளதொளத்தாலும் பிடித்துக் கொடுக்கிறவளுக்குத் தன் உடம்பில் எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. திருநெல்வேலியில் ஒருவர், மதுரையில் ஒருவர், திருவனந்தபுரத்தில் ஒருவர் என மூன்று பிளாஸ்டிக் சர்ஜன்களைப் பார்த்தேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். முதலில் குழப்பமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, நான் மூன்று இடத்திலும் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். ஒருவரிடம் புண்ணைச் சொன்னேன், இன்னொருவரிடம் சேலை நிற்கவில்லை என்றேன், மூன்றாமவரிடம் இடுப்பு வலியை. எது முதல் தொந்தரவு என்று நாம் முடிவு செய்யாமல் போனால், எந்த ஆபரேஷன் என்பதையும் நாம் முடிவு செய்ய முடியாது.

அதற்கும் முன்னால் ஒன்று. புதுத் துணியை நனைத்துச் சுருங்கவிடாமல் வெட்டக் கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். இதிலும் அதேதான். இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து எடை குறைத்திருந்தால் (ஸ்லீவ் என்றதும் நான் ஜாக்கெட் கை என்றுதான் நினைத்தேன்) பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை போக வேண்டும். அப்புறம் எடை குறைந்தபட்சம் மூன்று முதல் ஆறு மாதம் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். நடந்தும் சாப்பாட்டைக் குறைத்தும் இறங்கியவர்களுக்கும் இந்த இரண்டாவது கணக்கு உண்டு. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 30-க்குக் கீழே இருந்தால் காயம் ஆறுவது எளிது என்றார்கள். எனக்கு 29 சொச்சம். ஹீமோகுளோபின், இரும்பு, பி12, புரதம் எல்லாம் பார்த்தார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இவை குறைவது வழக்கம். புரதம் குறைவாக இருந்தால் தைத்த இடம் ஒட்டாது. இனி பிள்ளை வேண்டும் என்றிருப்பவர்கள் பேறு முடிந்து வருவதே நல்லது. இழுத்துத் தைத்த வயிறு மறுபடி விரிந்தால் செலவு செய்தது பாதி வீண்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழி. அதைத் தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு வருஷம் நான் அப்படித்தான் ஓட்டினேன். குளித்ததும் மடிப்பைத் தூக்கி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஃபேனுக்கு நேராகக் கொஞ்ச நேரம் படுத்துவிடுவேன். அப்பாவின் பழைய மல் வேட்டியைக் கிழித்து நான்காக மடித்து உள்ளே வைப்பேன்; மத்தியானம் ஒரு தடவை மாற்றுவேன். பவுடரைவிட இது எவ்வளவோ மேல். பவுடர் வேர்வையோடு குழைந்து களிம்பாகி, அதுவே அரிக்கும். அரிப்பு வந்தால் மருந்துக் கடையில் போய் "படைக்கு ஒரு ட்யூப் கொடுங்க" என்று வாங்குகிறோமே, அங்கேதான் கெடுகிறது. அப்படிக் கிடைக்கும் கலப்பு களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பத்து நாளில் இரண்டு மடங்காகத் திரும்பும், தோலும் மெலிந்து போகும். நான் அப்படி ஒரு கோடை முழுக்கக் கெடுத்துக்கொண்டேன். தோல் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த பூஞ்சை மருந்தை அவர் சொன்ன நாள் வரை போட்டபோதுதான் ஆறியது. வயிற்று பெல்ட் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உதவும். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அது சுருண்டு இன்னொரு மடிப்பாகும்.

தோலை இறுக்கும் மெஷின், கொழுப்பை உறையவைக்கும் மெஷின் என்று விளம்பரங்கள் வருகின்றன. ஐம்பது கிலோ இறங்கிய வயிற்றுக்கு அவை எட்டாது. லைப்போசக்‌ஷன் மட்டும் செய்வதும் அப்படியே. தலையணைப் பஞ்சை உருவிவிட்டு உறை தானாக இறுகும் என்று காத்திருப்பது போல. இதில் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

உண்மையான போட்டி இரண்டு ஆபரேஷன்களுக்கு நடுவில்தான். ஒன்று பேனிகுலெக்டமி. மற்றது அப்டாமினோபிளாஸ்டி, டம்மி டக் என்று சொல்வது இதைத்தான். ஊரில் இரண்டையும் "தொப்பை ஆபரேஷன்" என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றல்ல.

பேனிகுலெக்டமி என்பது பாவாடையின் தொங்கும் அடியை மட்டும் வெட்டி மடித்து அடிப்பது. இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை தொங்குகிற தோலையும் அதோடு ஒட்டிய கொழுப்பையும் எடுத்துவிட்டு, விளிம்பை விளிம்போடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மேல் வயிற்றுத் தோலை அதிகம் கிளப்புவதில்லை. தசையைத் தொடுவதில்லை. அதனால் நேரமும் குறைவு, ஆபத்தும் ஒப்பீட்டில் குறைவு. புண், நாற்றம், நடக்கும்போது உரசல் எல்லாம் போகும். ஆனால் வயிறு தட்டையாகாது; மேல்பாதி தொளதொளவென்று அப்படியே இருக்கும். இதை டாக்டர் முதலில் சொல்லாமல் விட்டதால், பிறகு கண்ணாடி முன்னால் அழுதவர்கள் உண்டு. தோல் எதுவரை இறங்குகிறது என்பதை ஐந்து படியாகக் கணக்கிடுகிறார்கள்: அடிவயிற்று முடியை மறைத்தால் முதல் படி, பிறப்புறுப்பை மறைத்தால் இரண்டு, தொடையின் மேல்பகுதி வந்தால் மூன்று, நடுத்தொடை நான்கு, முழங்காலோ அதற்கும் கீழோ ஐந்து. எனக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். நான்கு, ஐந்தில் இருப்பவர்களுக்கு அழகு பற்றிய பேச்சே இரண்டாம்பட்சம். நடப்பதே முதல் பேச்சு.

அப்டாமினோபிளாஸ்டி முழுக்கப் பிரித்துத் தைப்பது. கீழே வெட்டி, தோலை விலா எலும்பு வரை தசையிலிருந்து கிளப்பி, உள்ளே இரண்டு பக்கமாக விலகிப்போன நேர்த் தசைகளை நடுவில் இழுத்துத் தைத்து, பிறகு தோலைக் கீழே இழுத்து மிச்சத்தை வெட்டுவார்கள். உள்துணியைப் பிடித்துவிட்டு மேல்துணியை அடிப்பது போல. தொப்புள் என்னாகும் என்று என் அம்மாவுக்குப் பெரிய கவலை. தொப்புள் தன் காம்போடு இருந்த இடத்திலேயே இருக்கும். கீழே இழுத்த தோலில் அதற்குப் புதிதாக ஓட்டை போட்டு வெளியே எடுத்துத் தைப்பார்கள். "பட்டன் பழசு, காஜா மட்டும் புதுசும்மா" என்றேன். அதற்குப் பிறகுதான் அடங்கினாள்.

எனக்கு இரண்டு பிரசவம், இரண்டும் சிசேரியன். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கினால் வயிற்றின் நடுவில் கூம்பு மாதிரி ஒரு மேடு எழும். தசை விலகியதன் அடையாளம் அது. ஸ்கேனில் தொப்புள் பக்கம் சின்ன ஹெர்னியாவும் தெரிந்தது. இந்த இரண்டும்தான் தராசை அப்டாமினோபிளாஸ்டி பக்கம் சாய்த்தன. அடியை மட்டும் வெட்டினால் ஹெர்னியாவுக்கும் தசைக்கும் இன்னொரு நாள் இன்னொரு ஆபரேஷன். தசை நன்றாக இருக்கிறது, புண்தான் தொல்லை என்பவருக்கு என் கணக்குப் பொருந்தாது. அவருக்குச் சின்ன ஆபரேஷனே போதும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இதைத் தையல்காரியாகச் சொன்னால்தான் புரியும். ஒரு ஜாக்கெட் நீளத்தில் தொளதொளத்தால் அடியில் வெட்டலாம். சுற்றளவில் தொளதொளத்தால் அடியில் எவ்வளவு வெட்டினாலும் போகாது. நெடுக ஒரு டக் பிடிக்க வேண்டும். உடம்பிலும் இரண்டு தொளதொளப்பு உண்டு. தொப்புளுக்கு மேலே இரண்டு கையாலும் பக்கவாட்டுத் தோலை நடுவில் சேர்த்துப் பாருங்கள். கைநிறைய வந்தால் சுற்றளவிலும் மிச்சம் இருக்கிறது. அதற்கு மார்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை நெடுக்காகவும் வெட்டும் முறை இருக்கிறது, ஃப்ளூர்-டி-லிஸ் என்று பெயர். வடிவம் இதில்தான் நன்றாக வரும். விலை, வயிற்றின் நடுவில் முழு நீளத் தழும்பு. நெடுக்குத் தையலும் குறுக்குத் தையலும் சந்திக்கும் மூலையில் ரத்த ஓட்டம் குறைவு, காயம் அங்கேதான் முதலில் விடும். சட்டையில் நான்கு தையல் கூடும் இடத்தில் துணி முதலில் கிழிவது போல. மதுரை டாக்டர் எனக்கு இதைத்தான் சிபாரிசு செய்தார். நான் வேண்டாம் என்றேன். மேல் வயிற்றில் கொஞ்சம் தொளதொளப்பு இருந்தால் என்ன, சேலை மறைக்கும் என்று ஒரு கணக்கு. ஜாக்கெட்டுக்கும் கொசுவத்துக்கும் நடுவில் தெரியும் இடத்தில் தழும்பு வேண்டாம் என்று இன்னொன்று. முதுகுப் பக்கமும் தொங்குகிறவர்களுக்கு இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக வெட்டும் முறையும் இருக்கிறது. மேசையில் புரட்டிப் போட்டுச் செய்ய வேண்டிய நீண்ட ஆபரேஷன், ரத்த இழப்பும் கூடுதல். எனக்கு அது தேவைப்படவில்லை.

தழும்பைப் பற்றி இன்னொரு வார்த்தை. நம் நிறத் தோலில் தழும்பு தடித்துக் கறுத்து நிற்கும் வாய்ப்பு அதிகம். காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்த சரித்திரம் வீட்டில் யாருக்காவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலிகான் ஷீட் ஒட்டச் சொல்வார்கள், தழும்பு மங்க ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். ஆபரேஷனுக்கு முன் கோடு போடும்போது நீங்கள் தினமும் கட்டும் பாவாடையைக் கட்டிக்கொண்டே நில்லுங்கள். நாடா எங்கே வரும் என்று டாக்டருக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். நான் அப்படிச் செய்தேன்; தழும்பு நாடாவுக்கு இரண்டு விரல் கீழே போயிற்று.

எந்த ஊரில் செய்வது? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சென்னையில் செய்தால்தான் நல்லது என்று என் தம்பி பிடிவாதம் பிடித்தான். வந்தே பாரத்தில் எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பான். போவது பிரச்சினை இல்லை, திரும்புவதுதான் பிரச்சினை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு; மணிக்கணக்காக மடங்கி உட்கார்ந்து வருவது நல்லதல்ல. வடிகுழாய் எடுக்க, தையல் பார்க்க, நீர் கோத்தால் ஊசியால் உறிஞ்ச என்று முதல் மாதத்தில் பல தடவை போக வேண்டும். எல்லாம் ஒரே தரம் என்றால் ஆட்டோவில் போகிற தூரம்தான் நல்லது. பெரிய முறைகளுக்கு மட்டும் மதுரையோ திருவனந்தபுரமோ போகலாம். அப்போதும் பத்துப் பன்னிரண்டு நாள் அங்கேயே தங்க ஒரு சொந்தக்காரர் வீடு வேண்டும். கையில் காசில்லாதவர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசுப் பெரியாஸ்பத்திரியில் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அரசு மருத்துவமனைகளில் விபத்தும் தீக்காயமும் முன்னால் போகும், நாம் காத்திருக்க வேண்டும்.

தனியாரில் எனக்குச் சொன்ன தொகை ஒரு லட்சத்து இருபதாயிரத்திலிருந்து இரண்டே முக்கால் லட்சம் வரை. கேட்கும்போது மயக்க மருந்து, அறை, பெல்ட், பிறகு வரும் டிரஸ்ஸிங் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் பற்றி நிறையப் பேர் தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாலிசிகளில் அழகு சிகிச்சைக்கான விலக்கு ஒன்று இருக்கிறது, எக்ஸ்க்ளூஷன் 08 என்று எண் போட்டிருப்பார்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகான சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியாக உடனடி ஆபத்து இருப்பதாக மருத்துவர் சான்று கொடுத்த சிகிச்சைக்கும் மட்டுமே அந்த விலக்கிலிருந்து தளர்வு. ஆகவே டம்மி டக் என்று எழுதினால் கதவு மூடியதுதான். அடிவயிற்றுப் புண்ணுக்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்ட சீட்டு, தேதியோடு போட்டோ, தோல் டாக்டரின் கடிதம் இருந்தால் பேனிகுலெக்டமிக்குக் கேட்டுப் பார்க்க ஒரு பிடி கிடைக்கும். என் கம்பெனி முதலில் ஒரே வரியில் மறுத்தது. இரண்டு முறை எழுதிய பிறகு ஹெர்னியாவுக்கான பங்கை மட்டும் கொடுத்தது. மிச்சம் சீட்டுப் பணம்.

நான் ஆடி மாதத்தில் போட்டேன். முகூர்த்தம் இல்லை, கடையில் வேலை குறைவு, குற்றாலத்துப் பக்கமிருந்து காற்று வேறு வரும். ஆறு வாரம் இறுக்கமான பெல்ட் போட வேண்டியவளுக்கு அக்னி நட்சத்திரத்தைவிட அது எவ்வளவோ தேவலை. அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏட்டி, ஆடியில யாராவது கத்திக்குப் போவாளா? நல்லாத்தான இருக்க" என்று மூன்று நாள் பேசவில்லை.

மூன்றரை மணி நேரம் ஆயிற்று. எடுத்த தோல் இரண்டரைக் கிலோதான். தராசில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் நிமிர முடியாது, கூனிக்கொண்டேதான் நடக்க வேண்டும். படுப்பது தலைக்கும் முழங்காலுக்கும் தலையணை வைத்து. இரண்டு பக்கமும் குழாய், நுனியில் ஆளுக்கொரு பாட்டில். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வடிந்தால்தான் எடுப்பார்கள். எனக்கு ஒன்று ஒன்பதாம் நாள், மற்றது பன்னிரண்டாம் நாள். ஐந்து கிலோவுக்கு மேல் ஆறு வாரம் தூக்கக் கூடாது, அதாவது தண்ணீர்க் குடம் கிடையாது. மூன்றாவது வாரம் தையலின் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் விட்டுவிட்டது. பயந்தேன். பதினெட்டு நாள் டிரஸ்ஸிங்கில் தானாகக் கூடிற்று. தொப்புளுக்குக் கீழே இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அந்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, சுட்டாலும் தெரியாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கம் திடீரென்று வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முக்கூடலில் இருக்கும் என் மதினிக்கும் இதே தொல்லை. வயது 58. 96 கிலோவிலிருந்து 64-க்கு இறங்கினார்கள். மடியில் சொளவை (முறத்தை) வைத்து பீடி சுற்றுகிறவர்கள். சொளவின் விளிம்பு மடிப்பில் உரசி உரசிக் கறுத்துக் கிடக்கிறது. என் வயிற்றைப் பார்த்ததும் "எனக்கும் இதையே போட்டுரச் சொல்லு" என்றார்கள். நான் சொன்னது வேறு. அவர்களுக்குச் சர்க்கரை உண்டு, மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c 9.2. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் வேறு. புகைத்தாலும் மென்றாலும் நிகோடின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கும். கிளப்பிய தோலின் விளிம்பு அதனால் கறுத்துச் செத்துப்போகும். எவ்வளவு தோலைக் கிளப்புகிறோமோ அவ்வளவு ஆபத்து. தசை தைப்பது அவர்களுக்குத் தேவையும் இல்லை. ஆகவே அவர்களுக்கு என்றைக்காவது செய்வதென்றால் அடியை மட்டும் வெட்டும் ஆபரேஷன். அதுவும் அந்தச் சராசரி 7 பக்கம் வந்து, புகையிலையை விட்டுக் குறைந்தது நான்கு வாரம் ஆன பிறகு. திருநெல்வேலி டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். அதுவரை வேட்டித் துணி.

ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கென்று மூன்று நைட்டி தைத்துக்கொண்டேன். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, உள்ளே இரண்டு பக்கமும் வடிகுழாய் பாட்டில் வைக்க ஒவ்வொரு பை. வார்டில் நர்சுகள் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த மதினி அதில் ஒன்றை எடுத்துத் தோளில் வைத்து அளவு பார்த்தார்கள். புகையிலையை விட்டுப் பதினோரு நாள் ஆகிறதாம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவாருங்கள், துணி வெட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.